எண்ணூற்றுப் பன்னிரண்டு

ஒரு சின்ன ஊரில் தெய்வானை என்றொரு பெண் இருந்தாள். அவளுடைய ரத்தத்தில், ஒரு சிவப்பணுவின் உள்ளே, எல்.டி.எச். என்ற நொதி ஒன்று குடியிருந்தது.

லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்பது அதன் முழுப் பெயர். கூப்பிட்டு முடிப்பதற்குள் விடிந்துவிடும் என்பதால் எல்லோரும் எல்.டி.எச். என்றே சொன்னார்கள். அதன் உறவுக்காரர்கள் உடம்பு முழுக்க இருந்தார்கள். கல்லீரலில், இதயத்தில், தசையில், நுரையீரலில் என்று எந்த அணுவைத் திறந்து பார்த்தாலும் அங்கே ஒரு கூட்டம் இருக்கும். எல்லோருக்கும் ஒரே வேலை, வீட்டுக்குள் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது. எல்லோருக்கும் ஒரே கட்டுப்பாடு, வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது.

உடம்பில் பழைய வீடுகள் தினமும் கொஞ்சம் இடிந்துகொண்டுதான் இருக்கும். அங்கிருந்தவர்கள் ரத்தத்தில் கொஞ்ச காலம் அலைந்துவிட்டு மறைந்து போவார்கள். அது வழக்கம்தான். ஆனால் வெளியே அலைகிற கூட்டம் பெருகினால், எங்கோ நிறைய வீடுகள் உடைந்திருக்கின்றன என்று அர்த்தம். அந்தக் கூட்டத்தை எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு பரிசோதனை உண்டு.

தெய்வானைக்கு அந்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தவர் டாக்டர் ஜமீலா.

தெய்வானை அரசுப் பள்ளியில் சத்துணவு சமைப்பவள். வயது நாற்பத்தேழு. கணவன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள் கோமதி. அந்த வருடம் கோமதிக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அந்த ஊரிலிருந்து அப்படிப் படிக்கப் போகிற முதல் பெண் அவள்தான். வருகிற சனிக்கிழமை தஞ்சாவூர்ப் பக்கம் போய்ச் சேர வேண்டும்.

"ரெண்டு மாசமா ஒரே அசதியா வருது டாக்டர். சேலை இடுப்புல நிக்க மாட்டேங்கு" என்றாள் தெய்வானை.

ஜமீலா கண்ணையும் நாக்கையும் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "ரத்தம் டெஸ்ட் பண்ணிருவோம். நான் மூணு நாள் ஊர்ல இருக்க மாட்டேன். வியாழக்கிழமை ரிப்போர்ட்டோட வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலையில் தெய்வானை பரிசோதனைக் கூடத்துக்குப் போனாள். அங்கே ரத்தம் எடுப்பவள் இசக்கியம்மாள். அந்த ஊரில் அவளுக்கு நல்ல பேர் இருந்தது. "இசக்கிகிட்ட போ, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். ஒரே குத்து" என்பார்கள். அந்த ஒரே குத்து என்ற பேச்சில் இசக்கிக்கு உள்ளூரப் பெருமை. யாராவது சொன்னால் கேட்காதது போல இருப்பாள். ஆனால் கேட்டுக்கொள்வாள்.

அன்று தெய்வானையின் நரம்பு பிடிபடவில்லை. முதல் குத்து தவறியது. அடுத்த கையில் குத்தினாள். ஊசி உள்ளே போனது, ரத்தம் வரவில்லை. வரிசையில் இருபது பேர் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "என்ன இசக்கி, இன்னைக்குக் கை மறந்துட்டா?" என்றார்.

இசக்கியின் காது சிவந்தது. புறங்கையில் ஒரு மெல்லிய நரம்பைத் தேடிப் பிடித்து மூன்றாவது முறையாகக் குத்தினாள். ரத்தம் நூல் போல வந்தது. அவள் பொறுக்காமல் சிரிஞ்சின் பின்தண்டை வேகமாக இழுத்தாள்.

"மெதுவா இழு! என் வாய் சின்னது. இவ்வளவு பேர் ஒரே நேரத்துல நுழைய முடியாது" என்று ஊசி கத்தியது.

பொருட்கள் பேசுவது மனிதர்களுக்குக் கேட்பதில்லை. இசக்கி இன்னும் பலமாக இழுத்தாள்.

சிவப்பணுக்கள் ஒன்றின் மேல் ஒன்று மோதிக்கொண்டு ஊசிக்குள் நெரிந்தன. எல்.டி.எச். குடியிருந்த வீட்டின் சுவர் கிழிந்தது. என்ன ஆயிற்று என்று புரிவதற்குள் அது வெளியே கிடந்தது. சுற்றிலும் ஆயிரம் வீடுகள் உடைந்து, ஆயிரமாயிரம் எல்.டி.எச்.கள் திகைத்துப்போய் நின்றார்கள். இசக்கி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாய்க்குள் பீய்ச்சியபோது மிச்சமிருந்த வீடுகளிலும் பல உடைந்தன.

"எங்கே வந்திருக்கிறோம்?" என்று எல்.டி.எச். கேட்டது.

"என்னிடம்தான்" என்றது குழாய். "தெய்வானை, நாற்பத்தேழு, பெண் என்று என் மேல் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நீங்கள் எந்த ஊர்க் கலவரத்தில் தப்பி வந்தீர்கள்?"

"கலவரம் ஒன்றும் இல்லை. அந்த அம்மாளின் உடம்பில் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். வரும் வழியில் வீடு உடைந்துவிட்டது."

"இதை வெளியே சொல்லிவிடாதே" என்றது குழாய். "யார் நம்புவார்கள்?"

குழாயைச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்துச் சுற்றினார்கள். முழுதாக இருந்த சிவப்பணுக்கள் அடியில் படிந்தன. மேலே தெளிந்த சீரம் நின்றது. சீரம் எப்போதும் வெளிறிய மஞ்சளாக இருக்க வேண்டும். இது தர்பூசணிச் சாறு போல இளஞ்சிவப்பாக இருந்தது.

இசக்கி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. படித்த காலத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இப்படிச் சிவந்த சாம்பிளில் எல்.டி.எச். பார்க்கக் கூடாது. கொட்டிவிட்டு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்.

கதவிடுக்கு வழியாக வெளியே பார்த்தாள். தெய்வானை பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று இடத்திலும் பஞ்சை மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தச் சிரித்த மனிதர் இன்னும் இருந்தார். இப்போது போய், "அக்கா, இன்னொரு தடவை எடுக்கணும்" என்று சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று இசக்கி நினைத்துப் பார்த்தாள்.

சாம்பிள் சிவந்திருந்தது என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்த்தாலும் போதும். டாக்டருக்குப் புரிந்துவிடும். ஆனால் அந்த வரி இசக்கியின் கையைத்தான் காட்டிக் கொடுக்கும்.

அவள் குழாயை இயந்திரத்தில் வைத்தாள். அந்த வரியை எழுதவில்லை.

இயந்திரம் எண்ணியது. எண்ணி முடித்ததும் ஒரு எண் பிறந்தது. எண்ணூற்றுப் பன்னிரண்டு. இருநூற்று ஐம்பதுக்குள் இருக்க வேண்டிய இடம் அது. அதனால் இயந்திரம் அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சடித்தது. எண்ணுக்குத் தலை கால் புரியவில்லை.

"இந்தத் தாளிலேயே நான்தான் பெரியவன்" என்றது எண். "எல்லோரும் முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள்."

"உனக்கு ஒன்று சொல்ல வேண்டும்" என்று குழாய்க்குள்ளிருந்து எல்.டி.எச். கூப்பிட்டது. "நாங்கள் ஊசியில் உடைந்தவர்கள். அந்த அம்மாளுக்கு ஒன்றும் இல்லை."

"எத்தனை பேர் என்று கேட்டார்கள். சொன்னேன். ஏன் வந்தீர்கள் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை."

"நீயாகச் சொல்லலாமே?"

"எண்ணுக்கு அவ்வளவுதான் வாய்" என்று சொல்லிவிட்டு, எண் தாளில் ஏறி உறைக்குள் போய்விட்டது. மாலையில் கோமதி வந்து உறையை வாங்கிப் போனாள்.

வேலை முடிந்த குழாய்களைச் சில நாட்கள் ஃபிரிட்ஜில் வைப்பார்கள். சந்தேகம் வந்தால் திரும்பப் பார்ப்பதற்காக. இளஞ்சிவப்புக் குழாயும் அங்கே போனது. குழாய்களை நிறுத்தி வைக்கும் சட்டத்தில் மற்ற குழாய்கள் மஞ்சள் மஞ்சளாக வரிசையாக நின்றன.

"யாரப்பா இது, திருவிழாவுக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தது?" என்றது ஒரு குழாய்.

"எண்ணூற்றுப் பன்னிரண்டாம். பாவம், அந்தப் பொம்பளைக்குப் பெரிய வியாதி" என்றது இன்னொன்று.

எல்.டி.எச். கூனிக் குறுகிப் போனது. வீட்டை விட்டு வெளியே வந்ததே அவமானம். அதிலும், ஒரு குற்றமும் செய்யாத உடம்புக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு நிற்பது அதைவிட அவமானம். தன்னைச் சுற்றிச் சிவந்து கிடந்த சீரத்தைப் பார்த்தது. உடைந்த வீடுகளின் நிறம் அது. 'எனக்கு இருக்கிற ஒரே பேச்சு இந்த நிறம்தான்' என்று நினைத்தது. 'யாராவது எடுத்துப் பார்க்க வேண்டுமே.'

தெய்வானையின் வீட்டில் உறை பிரிக்கப்பட்டது. தடித்த எண்ணைப் பார்த்ததும் கோமதி செல்போனை எடுத்து எல்.டி.எச். கூடினால் என்ன என்று தேடினாள். ஒரு பெரிய பட்டியல் வந்தது. கடுமையாக உடம்பை வருத்தி வேலை செய்தாலும் கூடும் என்றிருந்தது. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தாலும் கூடும் என்று கீழே எங்கோ இருந்தது. கல்லீரல், இதயம், நுரையீரல் என்று வரிசையாகப் போய்ப் புற்றுநோய் என்ற சொல்லும் இருந்தது. கோமதி சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சொல் வந்ததும் நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்ட? படி" என்றாள் தெய்வானை.

"டாக்டர் வந்ததும் கேப்பம்மா. இதுல என்னென்னமோ போட்டிருக்கு."

தெய்வானை தாளை வாங்கி மடித்தாள். அன்று இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து வந்ததும் தெய்வானை தம்பிக்குப் போன் செய்தாள். "கடையநல்லூர்ல ஒரு பையன் இருக்கான்னு சொன்னேல்லா, அவங்கள வெள்ளிக்கிழமை வரச் சொல்லு" என்றாள்.

கோமதி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "என்னம்மா இது? சனிக்கிழமை நான் காலேஜ்ல இருக்கணும்."

"காலேஜ் எங்கயும் போயிராது."

"சனிக்கிழமை போகலன்னா சீட்டே போயிரும்."

"அஞ்சு வருசப் படிப்பு, ஏட்டி. அதுவரைக்கும் நான் இருப்பேனா? எனக்குப் பின்னால உன்ன யார் பாப்பா? நான் போறதுக்குள்ள உன்ன ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்துட்டா நிம்மதியாக் கண்ண மூடுவேன்."

சாகப் போகிறேன் என்று சொல்கிற அம்மாவிடம் கோமதி என்ன சண்டை போடுவாள்? சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு அழுதாள்.

அலமாரித் தட்டில் மடித்து வைத்திருந்த தாளுக்குள்ளிருந்து எண் எல்லாவற்றையும் கேட்டது. பிறந்த அன்றைக்கு இருந்த மிடுக்கு அதற்கு இப்போது இல்லை.

"நான் இதைச் சொல்லவில்லையே" என்றது தாளிடம். "நான் வெறுமனே ஒரு எண்ணிக்கை. கல்யாணம் பண்ணு, படிப்பை நிறுத்து என்றெல்லாம் நான் சொல்லவில்லையே."

"நீ சொல்லாமல் விட்டதை அவர்களாக எழுதிக்கொள்கிறார்கள்" என்றது தாள்.

புதன்கிழமை மதியம் கோமதி தாளை எடுத்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு வந்தாள். இசக்கி மட்டும் இருந்தாள்.

"அக்கா, இது எங்க அம்மா ரிப்போர்ட். இவ்வளவு இருந்தா கண்டிப்பாப் பெரிய வியாதிதானா?"

இசக்கிக்குத் தாளைப் பார்க்காமலே தெரிந்தது. "அதெல்லாம் டாக்டர்தாம்மா சொல்லணும். நாங்க சொல்லக் கூடாது."

"தப்பா வர வாய்ப்பு இருக்காக்கா? ரத்தம் எடுக்கும்போது ஏதாவது ஆனாலும் கூடுமாம், போன்ல போட்டிருந்துச்சு."

மேசை மேலிருந்த பேனாவை இசக்கி எடுத்தாள், வைத்தாள். "டாக்டர்கிட்டயே கேளு."

"அம்மா என்னைய காலேஜுக்கு அனுப்ப மாட்டேங்காக. வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வாராங்க." கோமதி தாளை மடித்தாள். "உங்ககிட்ட போய் இதச் சொல்லிக்கிட்டு இருக்கேன். மன்னிச்சுக்கங்கக்கா."

அவள் படியிறங்கிப் போனாள். மன்னித்துக்கொள்ளச் சொன்னவள் அந்தப் பெண். அந்தச் சொல் இசக்கியின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. ஆனாலும் அவள் எழுந்து போய்க் கூப்பிடவில்லை. இரண்டு நாள் மறைத்த பிறகு சொன்னால், முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டே வந்தது.

ஃபிரிட்ஜுக்குள் எல்.டி.எச். குழாயிடம் கெஞ்சியது. "இசக்கியிடம் சொல்லேன்."

"அவளுக்குத் தெரியாததை நான் என்ன சொல்ல?" என்றது குழாய்.

வியாழக்கிழமை காலையில் தெய்வானையும் கோமதியும் டாக்டர் ஜமீலாவின் முன்னால் உட்கார்ந்தார்கள். ஜமீலா தாளை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். ரத்த அளவு சரியாக இருந்தது. கல்லீரல் சோதனைகளில் பெரிய மாற்றம் இல்லை. மஞ்சள் காமாலைக்கான அளவும் சரியாக இருந்தது. எல்.டி.எச். மட்டும் எகிறியிருந்தது. கூடவே பொட்டாசியமும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"ரத்தம் எடுக்கும்போது சிரமப்பட்டாங்களா?"

"மூணு தடவ குத்துனாங்க" என்று தெய்வானை புறங்கையைக் காட்டினாள். அங்கே நீலம் பாரித்திருந்தது.

ஜமீலா பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்தார். இசக்கிதான் எடுத்தாள்.

"இசக்கி, தெய்வானைன்னு ஒரு பேஷன்ட், திங்கட்கிழமை. சாம்பிள் சிவந்து இருந்துச்சா?"

இல்லை என்பது சின்னச் சொல். ஆமாம் என்பதும் சின்னச் சொல்தான். இசக்கியின் வாயில் முதலில் வந்தது பழகிய பெருமையின் சொல்.

"இல்ல மேடம். நல்லாத்தான் இருந்துச்சு."

"சரியாப் பாத்தியா?"

"பாத்தேன் மேடம்."

"அப்ப திருநெல்வேலிக்கு அனுப்பி ஸ்கேன் பாக்கச் சொல்ல வேண்டியதுதான்" என்று சொல்லி ஜமீலா வைத்துவிட்டார்.

இசக்கி போனைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அன்று வியாழக்கிழமை. மூன்று நாள் பழைய குழாய்களை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கழிவுத் தொட்டியில் போட வேண்டிய நாள். அது அவளுடைய வேலை. அவள் சட்டத்தை எடுத்து மேசையில் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டியில் போடத் தொடங்கினாள். ஒரு மஞ்சள் குழாய் போனது. இன்னொரு மஞ்சள் குழாய் போனது.

"நம் முறை வருகிறது" என்றது குழாய். "நான் போய்விட்டால் அவள் சொன்னது உண்மையாகிவிடும்."



இசக்கியின் விரல் இளஞ்சிவப்புக் குழாயைத் தொட்டது. தொட்டியின் மேல் கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றது. குழாயின் மேல் அவளே எழுதிய எழுத்து இருந்தது. அவசரத்தில் தெய்வானையின் 'னை' கோணலாக விழுந்திருந்தது. அதைத் திருப்பி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். மூன்று நாள் ஆகியும் அந்தச் சிவப்பு போகவில்லை. தன்னைத் தவிர இதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை என்பது அவளுக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. பிறகு அதுவே தாங்க முடியாததாக ஆனது. இதைப் போட்டுவிட்டால், இனிமேல் இதைத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சாகிற வரைக்கும் ஒருத்திதான்.

குழாயைக் கையில் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். மூன்று தெரு தள்ளி டாக்டரின் கிளினிக். நடந்தாள், பிறகு ஓடினாள். எதிரே வந்தவர்கள் யாருக்கோ உடம்பு முடியவில்லை போல என்று வழிவிட்டார்கள்.

டாக்டர் அறையில் தெய்வானையும் கோமதியும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஜமீலா திருநெல்வேலிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இசக்கி உள்ளே வந்து குழாயை மேசை மேல் வைத்தாள்.

"மேடம், நான் பொய் சொன்னேன்."

ஜமீலா குழாயைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். அவர் திட்டியிருந்தால் இசக்கிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் வேகமா இழுத்துட்டேன். எல்லாம் உடைஞ்சிட்டு. திங்கட்கிழமையே தெரியும். மறுபடி குத்தணும்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றாள் இசக்கி. தெய்வானையின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவளுடைய புறங்கையைப் பார்த்துச் சொன்னாள். அந்த நீலத்தையும் பார்க்க முடியவில்லை.

"அப்படின்னா என்ன டாக்டர்?" என்றாள் தெய்வானை. "எனக்கு வெளங்கல."

ஜமீலா குழாயைத் தூக்கிக் காட்டினார். "இந்த டெஸ்ட் உடைசலத்தான் எண்ணும்மா. எங்க உடைஞ்சுதுன்னு சொல்லாது. உங்க உடம்புக்குள்ள உடைஞ்சிருந்தாலும் நம்பர் கூடும், ஊசிக்குள்ள உடைஞ்சாலும் கூடும். உள்ள இருக்க ரத்தம் நல்லா இருந்து, எடுக்கும்போது நசுங்கிட்டா, சீரம் இப்படிச் சிவந்துரும். பொட்டாசியமும் அதுலருந்துதான் வழிஞ்சிருக்கணும். நல்ல சாம்பிள்ல திரும்பப் பாத்தாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்."

முதல் முறையாக ஒரு மனித வாய் தன் நிறத்தைப் படித்துச் சொன்னது என்று எல்.டி.எச். நினைத்தது. ஆனால் அதற்குச் சந்தோஷம் வரவில்லை. குனிந்து நிற்கிற அந்தப் பெண்ணைப் பார்க்கப் பார்க்க, தன் வெட்கம் அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது போலிருந்தது.

தெய்வானை இசக்கியின் பக்கம் திரும்பினாள். "மூணு நாளா நான் செத்துக்கிட்டு இருந்தேன், தாயி" என்றாள். அவள் சத்தம் போடவில்லை.

"அக்கா…"

"எம்மவ உன்கிட்ட வந்து கேட்டாளாம்."

"கேட்டா."

தெய்வானை முழங்கை மடிப்பைத் தேய்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "எடுங்க டாக்டர். இந்தப் பிள்ள எடுக்க வேண்டாம்."

ஜமீலாவே எடுத்தார். வெந்நீரில் நனைத்த துணியைக் கையில் சுற்றி நரம்பு எழும்பும் வரைக்கும் காத்திருந்தார். பிறகு மெதுவாக இழுத்தார். இசக்கி பஞ்சை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஒரே குத்து. எறும்பு கடித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். தெய்வானை முகம் சுளிக்கவில்லை.

புதிய குழாயை இசக்கி எடுத்துப் போனாள். பழைய குழாய் மேசை மேலேயே இருந்தது. அதன் பக்கத்தில் பழைய தாளும் கிடந்தது.

"நீ பேசிவிட்டாய்" என்றது எண்.

"நான் பேசவில்லை. அவள்தான் பேசினாள்" என்றது எல்.டி.எச்.

கொஞ்ச நேரம் கழித்து ஜமீலா எண்ணின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார். எண் தடுக்கவில்லை.

மாலை நாலு மணிக்கு இசக்கி புதிய தாளைக் கொண்டு வந்தாள். சீரம் வெளிறிய மஞ்சளாகத்தான் இருந்தது. எல்.டி.எச். இருநூற்று மூன்று. பொட்டாசியமும் சரியாக இருந்தது. தாளை டாக்டரிடம் கொடுத்துவிட்டுக் கதவோரமாக ஒதுங்கி நின்றாள்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றார் ஜமீலா. "நல்லா இருக்கீங்க. ரெண்டு மாசமா அசதின்னீங்களே, ஒழுங்காச் சாப்பிடுறீங்களா? தூங்குறீங்களா?"

தெய்வானை தாளைக் கையில் வாங்கினாள். புதிய தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு சேதி கேட்டால் முகம் மலர வேண்டும். அவள் முகத்தில் அப்போது வந்தது மலர்ச்சி இல்லை. கையிலிருந்த ஒன்றை யாரோ பிடுங்கிக்கொண்டது போல இருந்தது. அது ஒரு கணம்தான். உடனே அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஆனால் கோமதி பார்த்துவிட்டாள்.

"அம்மா, உனக்குச் சந்தோஷமா இல்லையா?"

"ஏன் இல்லாம? சந்தோஷந்தான்."

"அப்ப மாமாவுக்குப் போன் பண்ணி நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிரு. நான் துணி எடுத்து வைக்கணும்."

"வரச் சொல்லிட்டோமே. இப்பப் போயி எப்படி…" என்று தெய்வானை இழுத்தாள். "வந்து பாத்துட்டுத்தான் போகட்டுமே."

கோமதி அம்மாவை உற்றுப் பார்த்தாள். "உனக்குத்தான் ஒண்ணும் இல்லயேம்மா. இப்ப என்ன காரணம்?"

புதிய தாளில் இருநூற்று மூன்று சாதாரண எழுத்தில், அடக்கமாக, மற்ற எண்களோடு ஒன்றாக நின்றது. தெய்வானை அதைப் பார்த்தாள். அதில் சாய்ந்துகொள்ள ஒன்றும் இல்லை.

அவள் கண் கதவோரம் நின்ற இசக்கியிடம் போனது. இசக்கி தலை நிமிரவில்லை. மூன்று தெரு ஓடி வந்து நாலு பேர் முன்னால் நின்று சொன்ன பெண் அவள். தெய்வானைக்குக் காதோரம் சுட்டது.

"உனக்கு சீட் கிடைச்ச அன்னைக்கிலருந்து எனக்குச் சோறு எறங்கல" என்றாள் மகளிடம். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குரல் தாழ்ந்திருந்தது. "வீட்டுல தனியா இருக்கணுமேன்னு பயம். போகாதன்னு சொல்ல வாய் வரல, படிக்கப் போற பிள்ளகிட்ட எப்படிச் சொல்ல? இந்த நம்பரு வந்ததும் அழுதேன், நெசந்தான். ஆனா இனிமே உன்ன நிறுத்தலாம்லான்னு உள்ளுக்குள்ள ஒரு…" அவளால் முடிக்க முடியவில்லை. "எனக்கே என்னப் பிடிக்கலட்டி."

கோமதிக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. பிறகு அம்மாவின் செல்போனை எடுத்து மாமாவின் பெயரைத் தேடி, அழுத்தாமல், அம்மாவிடம் நீட்டினாள்.

தெய்வானை அதை வாங்கி அழுத்தினாள். காதில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"தம்பி, நான்தான் பேசுதேன். நாளைக்கு அவங்க வர வேண்டாம்னு சொல்லிரு… ஆமா, பிள்ள காலேஜுக்குப் போறா. சனிக்கிழமை நான்தான் கொண்டு போயி விடுதேன்… இல்ல, உடம்புக்கு ஒண்ணும் இல்ல, நல்லாருக்கேன்."

அந்தப் பக்கம் தம்பி கோபமாக ஏதோ கேட்டான். கூப்பிட்டுவிட்டு வேண்டாம் என்றால் அவர்களிடம் என்ன காரணம் சொல்வது என்று கேட்டிருக்க வேண்டும்.

தெய்வானை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"காரணம் ஒண்ணும் இல்லன்னு சொல்லு" என்றாள்.